அடுப்படி உப்பு

நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வரும்? அரிசி மூட்டை எத்தனை நாள், கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் என்று கேட்டால் எந்த வீட்டிலும் சட்டென்று பதில் வரும். உப்புக்கு வராது. மலிவாகக் கிடைக்கும் பொருளுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. தீர்ந்தால் கடையில் வாங்கிக்கொள்கிறோம். அந்தப் பாக்கெட் முப்பது நாளில் தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 8.3 கிராம் ஆகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-18இல் நடத்திய தேசியத் தொற்றா நோய்க் கண்காணிப்பு ஆய்வு, நம் நாட்டில் வயது வந்தோரின் சராசரி உப்பு அளவு நாளுக்கு 8 கிராம் என்று கணித்தது, ஆண்களுக்கு 8.9, பெண்களுக்கு 7.1. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்போ 5 கிராம். உப்பின் எடையில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு சோடியம் என்பதால், அந்த 5 கிராமில் 2 கிராம் சோடியம் இருக்கிறது. 5 கிராம் வரம்பின்படி பார்த்தால் அதே பாக்கெட் அதே வீட்டில் ஐம்பது நாள் வரவேண்டும். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் உள்ள அந்த இருபது நாளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

சோடியத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன், அது உடலுக்குச் செய்யும் ஊழியத்தைச் சொல்லிவிட வேண்டும். நரம்பில் ஒரு செய்தி ஓடுவதும், தசை சுருங்கி விரிவதும், இதயம் துடிப்பதும் உயிரணுக்களின் சுவரைத் தாண்டிச் சோடியமும் பொட்டாசியமும் இடம் மாறுவதால் நடக்கின்றன. ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் ஒரு நுண்ணிய இறைப்பான் இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது அதன் வேலை. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கௌ 1957இல் இதைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டு கழித்து, 1997இல், அதற்காக நோபல் பரிசு பெற்றார். சோடியம், பொட்டாசியம் என்ற இந்த இரண்டின் பெயரும் எப்போதும் சேர்ந்தே வருவதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். சோடியத்தைப் பேசும்போது பொட்டாசியத்தை விட்டுவிடுவதுதான் நம் உடல்நல அறிவுரைகளின் பெரிய குறை என்பது என் கருத்து.

சோடியம் உயிர் காத்ததற்கு நம் துணைக்கண்டத்திலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் இரத்தநாளம் வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து வாய் வழியாகக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. குடலின் சுவரில் சோடியமும் சர்க்கரையும் கைகோத்து நுழையும் ஒரு வாசல் உண்டு. அவை நுழையும்போது தண்ணீரும் பின்னால் வருகிறது. வயிற்றுப்போக்கின்போது நுழையும் மற்ற வழிகள் கெட்டாலும் இந்த வாசல் திறந்தே இருக்கும். இன்று எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் ரகசியம் இதுதான். ஆகவே உப்பே கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வயிற்றுப்போக்கில் துவளும் குழந்தைக்கு உப்பைக் குறைக்கச் சொல்பவர் கொலை செய்கிறார்.

நலமாக இருக்கும் உடலுக்கு எவ்வளவு சோடியம் தேவை என்பதுதான் கேள்வி. அரை கிராம் சோடியமே போதும் என்கிறது உடலியல்; அதாவது ஒன்றேகால் கிராம் உப்பு. இது நம்ப முடியாத அளவாகத் தோன்றலாம். சிறுநீரகம் செய்யும் வேலையைப் பார்த்தால் நம்பிக்கை வரும். ஒரு நாளில் நம் சிறுநீரகங்கள் வடிக்கும் நீர் சுமார் 180 லிட்டர். அதில் கரைந்திருக்கும் உப்பை எடை போட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். நான்கு பேர் வீட்டில் ஒரு மாதத்துக்கும் மேல் வரக்கூடிய உப்பை ஓர் ஆளின் சிறுநீரகம் ஒரே நாளில் வடித்து, கிட்டத்தட்ட முழுவதையும் திரும்ப இரத்தத்துக்கே கொடுத்துவிடுகிறது. உணவில் உப்பு குறைந்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மிகுந்தால் தளர்த்தி வெளியே விடும். உப்பு கிடைப்பதே அரிதான காடுகளிலும் மேடுகளிலும் பல்லாயிரம் தலைமுறை வாழ்ந்த இனத்தின் உறுப்பு இது. சேமிப்பதில் கெட்டிக்காரன், செலவழிப்பதில் அத்தனை சாமர்த்தியம் இல்லை. மிகுதியை வெளியே தள்ள அதற்கு அழுத்தம் வேண்டும். வயது ஏற ஏற, அல்லது பிறவியிலேயே அந்தத் திறன் சற்றுக் குறைந்தவர்களுக்கு, கூடுதல் உப்பை வெளியேற்ற உடல் இரத்த அழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது. அந்த உயர்வு நிலைத்துவிட்டால் இதயமும் மூளையின் நுண்குழாய்களும் அதற்கு விலை கொடுக்கின்றன.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்குச் சான்று நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. 1904இல் பிரான்சில் அம்பார், போஜார் என்ற இருவர் உப்பைக் குறைத்தால் அழுத்தம் இறங்குவதைப் பதிவு செய்தார்கள். 1940களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் சோற்றையும் பழத்தையுமே முதன்மை உணவாகக் கொடுத்து, அப்போது மருந்தே இல்லாத கடும் இரத்த அழுத்த நோயாளிகளைத் தேற்றினார். 1988இல் வெளிவந்த இன்டர்சால்ட் ஆய்வு 32 நாடுகளில் 52 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளந்தது. அமேசான் காட்டில் வாழும் யானோமாமி மக்கள் உணவில் உப்புச் சேர்ப்பதில்லை. அவர்களின் சராசரி இரத்த அழுத்தம் 95/61. நமக்கு வயது கூடினால் அழுத்தமும் கூடுவது இயல்பு என்று நினைக்கிறோம். அவர்களிடம் அது அப்படிக் கூடுவதில்லை. மறுகோடியில், பனி மூடும் குளிர்காலத்துக்காகக் காய்கறியையும் மீனையும் உப்பிலிட்டு வைத்த வடக்கு ஜப்பானின் அகிதா பகுதி. 1950களில் அங்கே ஒருவர் நாளுக்கு 25 கிராமுக்கு மேல் உப்புச் சாப்பிட்டார். நடுவயதிலேயே பக்கவாதத்தில் விழுவது அங்கே ஊர்க்கதையாக இருந்தது. இத்தகைய ஒப்பீடுகளை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. யானோமாமியருக்கும் அகிதாவாசிகளுக்கும் உப்பு தவிர ஆயிரம் வேறுபாடுகள் உண்டு. அதனால்தான் 2001இல் வெளியான டாஷ்-சோடியம் ஆய்வு முக்கியமானது. 412 பேருக்குச் சாப்பாடு முழுவதையும் ஆய்வாளர்களே சமைத்துக் கொடுத்து, சோடியத்தை மட்டும் மூன்று படியாக மாற்றினார்கள். வழக்கமான அமெரிக்க உணவு உண்டவர்களுக்கு, உயர்ந்த படியிலிருந்து தாழ்ந்த படிக்கு இறங்கியபோது மேல் அழுத்தம் 6.7 புள்ளி குறைந்தது. பழமும் காய்கறியும் மிகுந்த உணவு உண்டவர்களுக்கு 3 புள்ளிதான் குறைந்தது. காய்கறி உணவே அவர்களின் அழுத்தத்தை முன்பே இறக்கிவிட்டிருந்தது. இங்கேயும் பொட்டாசியம் தலைகாட்டுகிறது.

இனி அடுப்படிக்கு வருகிறேன். பிரிட்டனும் அமெரிக்காவும் தங்கள் மக்களின் உப்பைத் தேடியபோது அது வீட்டில் அகப்படவில்லை. முக்கால் பங்குக்கு மேல் ரொட்டியிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் பாலாடைக்கட்டியிலும் டப்பா சூப்பிலும் ஒளிந்திருந்தது. அதனால் பிரிட்டன் கம்பெனிகளைக் கூப்பிட்டுப் பேசியது. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் இலக்கு. ஆண்டுக்குச் சிறிது சிறிதாக, நாக்குக்குத் தெரியாதபடி குறைப்பு. 2001இல் 9.5 கிராமாக இருந்த சராசரி 2011இல் 8.1 ஆனது. உண்பவரின் மன உறுதியை நம்பாத, பாராட்டத்தக்க வேலை அது. ஆனால் நம் உப்பு இருக்கும் இடம் வேறு. தில்லி, அரியானா, ஆந்திரம் ஆகிய பகுதிகளில் செய்த ஆய்வு, மக்கள் உண்ணும் உப்பில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் சமைக்கும்போது சேர்ப்பதே என்று கண்டது. பிஸ்கட்டும் நூடுல்ஸும் சிப்ஸும் பெருகிவருவது உண்மை. அவற்றின் உறையில் உப்பின் அளவை எச்சரிக்கையாக அச்சிட வேண்டும் என்ற கோரிக்கையும் நியாயமானது. ஆனால் இன்றைய நிலையில் அத்தனை கம்பெனிகளையும் வழிக்குக் கொண்டுவந்தாலும் நம் இருபது நாளில் மூன்று நான்கு நாள்தான் மிச்சமாகும். மீதி, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் உப்புச் சாடியில் இருக்கிறது.

தமிழ்ச் சமையலின் அமைப்பே உப்பை எப்படி உள்ளே இழுக்கிறது என்று பாருங்கள். சோற்றைப் பெரும்பாலும் உப்பில்லாமல் வடிக்கிறோம். அந்தச் சோறு முழுவதற்குமான உப்பைக் குழம்பு சுமக்க வேண்டியிருக்கிறது. சோறு கூடக் கூடக் குழம்பும் கூடுகிறது. காலை இட்லியில் மாவுக்கு ஒரு உப்பு, சட்னிக்கு ஒரு உப்பு, சாம்பாருக்கு ஒரு உப்பு. தயிர்ச் சோற்றுக்கு உப்புப் போட்டுப் பிசைந்த பிறகு ஊறுகாய். விருந்தில் வாழையிலையின் இடது ஓரத்தில் முதலில் வைப்பதே உப்பு. எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது என்று தெரிந்தும் வைக்கிறோம், அது மரியாதை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். ஆப்பத்துக்கும் போண்டாவுக்கும் போடும் சோடா உப்பில் கால் பங்குக்கு மேல் சோடியம்; அது கரிக்காது, அதனால் நாக்கு எச்சரிப்பதில்லை. தலைவலிக்குத் தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் மாத்திரையிலும் அந்த நுரைக்காகச் சோடியம் சேர்த்திருக்கிறார்கள். இவையெல்லாம் ஓரத்துக் கணக்குகள். நடுவில் இருப்பது ஒரு செயல்: கொதிக்கும் குழம்பிலிருந்து கரண்டியில் எடுத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்து, இன்னும் ஒரு கிள்ளு போடுவது. அந்த வீட்டின் உப்பு அளவு தராசில் முடிவாவதில்லை. சமைப்பவரின் நாக்கில் முடிவாகிறது. அந்த நாக்கு எந்த உப்புக்குப் பழகியதோ, அதே உப்புக்குப் பச்சிளம் பேரனின் நாக்கும் பழகுகிறது. சமைப்பவருக்கு வயது கூடிச் சுவையுணர்வு மங்கினால் அந்தக் கிள்ளு இரண்டாகிறது. வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

நாக்கைத் திருத்த முடியாதா? முடியும். உப்பைக் குறைத்த உணவைத் தொடர்ந்து சாப்பிட்டால் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் நாக்கு விரும்பும் உப்பின் அளவே கீழே இறங்குகிறது என்று 1980களிலேயே சோதனைகள் காட்டின. பழைய உப்பில் சமைத்தது அப்போது கரிக்கும். இது ஒரு நல்ல செய்தி. மருத்துவர்கள் இதை நோயாளிகளிடம் சொல்ல வேண்டும். முதல் பத்து நாளின் சப்பென்ற சாப்பாடு ஆயுள் முழுவதும் தொடரும் என்று பயந்துதான் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஆனாலும் ஊர் முழுமைக்கும் இதுவே வழி என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம் மொழியில் உப்பு வெறும் சுவை இல்லை. நன்றிக்கும் அது அடையாளம், ரோஷத்துக்கும் அது அடையாளம். உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் சண்டைதான். அப்படிப்பட்ட ஒன்றை நாள்தோறும் மூன்று வேளையும் அளந்து போடும்படி, ஏற்கெனவே வீட்டின் எல்லாச் சுமையும் ஏறிய ஒரு பெண்ணிடம் சொல்வது, ஒரு சமூகத்தின் நோயை ஒருத்தியின் தோளில் ஏற்றுவது. அதோடு அது பலிப்பதும் அரிது. சீனாவில் 48 முதியோர் இல்லங்களில் நடந்து 2023இல் வெளியான டிசைட்-சால்ட் ஆய்வு இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் நிறுத்தியது. சில இல்லங்களில் சமையலறைக்குக் கொடுக்கும் உப்பைப் படிப்படியாகக் குறைத்தார்கள். சில இல்லங்களில் அளவைக் குறைக்காமல், பொட்டாசியம் கலந்த உப்பாக மாற்றினார்கள். உப்பைக் குறைத்த திட்டத்தால் முதியோரின் அழுத்தம் இறங்கவில்லை. உப்பை மாற்றிய இல்லங்களில் மேல் அழுத்தம் 7 புள்ளி இறங்கியது. இதயநோய், பக்கவாத நிகழ்வுகள் நாற்பது விழுக்காடு குறைந்தன. தலைமைச் சமையல்காரர், மேற்பார்வையாளர், எழுதிவைத்த திட்டம் எல்லாம் உள்ள ஓரிடத்திலேயே குறைப்பு தோற்றது என்றால், கூட்டுக் குடும்பத்து அடுப்பில் அது எப்படி வெல்லும்?

ஆகவே என் வாதம் இது: சாடியில் இருக்கும் உப்பையே மாற்ற வேண்டும். நான்கில் ஒரு பங்கு சோடியம் குளோரைடை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு. நிறம் அதே வெள்ளை. கரிப்பு ஏறக்குறைய அதே. தனியாக நாக்கில் வைத்தால் லேசான கசப்புத் தெரியலாம். புளியும் மிளகாயும் கொதிக்கும் குழம்பில் அது தெரிவது கடினம். வெறும் உப்புச் சோறு உண்பவர்களைவிடக் காரமும் புளியும் உண்ணும் நமக்கு இந்த மாற்றம் எளிது. இதற்கு இருக்கும் சான்று, உணவு ஆராய்ச்சியில் அபூர்வமாகக் கிடைக்கும் வகைச் சான்று. வட சீனக் கிராமங்கள் 600இல், பக்கவாதம் வந்தவர்கள் அல்லது இரத்த அழுத்தம் கட்டுப்படாத முதியவர்கள் 20,995 பேரை ஏறக்குறைய ஐந்தாண்டு பின்தொடர்ந்து 2021இல் முடிவு வெளியானது. பாதிக் கிராமங்கள் வழக்கமான உப்பிலேயே இருந்தன. பாதிக் கிராமங்களுக்கு 75க்கு 25 என்று கலந்த உப்பு கிடைத்தது. மாற்றிய கிராமங்களில் பக்கவாதம் 14 விழுக்காடும், மொத்தச் சாவு 12 விழுக்காடும் குறைந்தன. இரத்த அழுத்தத்தின் புள்ளி குறைந்ததைக் காட்டும் ஆய்வுகள் பல உண்டு. ஆள் பிழைத்திருப்பதைக் காட்டும் ஆய்வுகள் சிலவே. நமக்குப் பக்கத்திலேயே, தெலங்கானாவின் சித்திப்பேட்டைக் கிராமங்களில், இரத்த அழுத்தம் உள்ள 502 பேரிடம் 70க்கு 30 உப்பைச் சோதித்தார்கள். யாருக்கு எந்த உப்பு என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, உண்டவருக்கும் தெரியாது. மூன்று மாதத்தில் மேல் அழுத்தத்தில் 4.6 புள்ளி வித்தியாசம். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய உப்பைப் பரிந்துரைத்தது.

இதற்கு எதிரான கேள்விகளில் பலமானவற்றை எடுத்துக்கொள்கிறேன். வெயில் நாட்டில் வியர்வையில் உப்புப் போகிறதே, நமக்குக் கூடுதலாகத்தானே வேண்டும் என்பது எங்கும் கேட்கும் கேள்வி. யானோமாமியர் வாழ்வது பூமத்திய ரேகைக்கு அருகில், வியர்த்துக் கொட்டும் காட்டில். வெயிலுக்குப் பழகிய உடல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் வியர்வையிலிருந்தே உப்பை மீட்டுக்கொள்ளக் கற்றுவிடுகிறது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இந்த வாதம் சற்றும் பொருந்தாது. ஆனால் தூத்துக்குடி உப்பளத்தில் மதிய வெயிலில் உப்பு வாருபவருக்கும், செங்கல் சூளையில் நிற்பவருக்கும், 5 கிராம் என்ற வரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு விதிக்கக் கூடாது. அவர்களுக்கு நீராகாரமும் மோரும் வேண்டும். அவற்றில் உப்பும் வேண்டும். நீர்ப்பிரிப்பு மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்குச் சோடியம் தாழ்ந்துபோய்த் தடுமாற்றம் வருவதும் நடக்கிற ஒன்று. அவர்கள் மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும்.

அடுத்த கேள்வி கற்றவர்களிடமிருந்து வருகிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மை ஆகாது. பதினேழு நாடுகளில் லட்சம் பேரிடம் நடந்த ப்யூர் ஆய்வு 2014இல் ஒரு வளைகோட்டைக் காட்டியது. நாளுக்கு 3 முதல் 6 கிராம் வரை சோடியம் உண்பவர்களுக்கே ஆபத்து குறைவு. அதற்கு மேலும் கூடுகிறது, கீழும் கூடுகிறது. இந்தியர்களும் அதில் அடக்கம். நம் சராசரியான 8 கிராம் உப்பு அந்த ஆய்வின்படி பாதுகாப்பான பகுதியில் விழுகிறது. அப்படியானால் ஏன் இந்தப் பாடு? அந்த ஆய்வு ஒவ்வொருவரிடமும் காலையில் ஒரே ஒரு முறை எடுத்த சிறுநீரிலிருந்து, ஒரு சூத்திரத்தால், நாள் முழுவதுக்குமான சோடியத்தைக் கணித்தது. நேற்று இரவு விருந்து உண்டவரும் விரதம் இருந்தவரும் அந்த ஒரு துளியில் ஆயுள் முழுவதும் அப்படியே உண்பவர்களாகப் பதிவாகிறார்கள். நம் தேசிய ஆய்வும் ஒற்றைச் சிறுநீரை வைத்தே கணித்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு நாட்டின் சராசரியைச் சொல்ல அது ஓரளவு தாங்கும். அதைக் கொண்டு யார் கூட உண்டவர், யார் குறைய உண்டவர் என்று ஆட்களை வரிசைப்படுத்தி, அவர்களின் சாவோடு பொருத்திப் பார்க்கும்போது பிழை பெருகிவிடுகிறது. மேலும், உடல் நலிந்தவர்கள் குறைவாகச் சாப்பிடுகிறார்கள். அதனால் அவர்கள் உப்பும் குறைவு. நோய் முதலில், குறைவு பின்பு. 24 மணி நேரச் சிறுநீரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை சேகரித்த ஆறு ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களை, ஒன்றாக்கி 2022இல் பார்த்தபோது அந்த வளைவு காணாமல்போனது. ஒரு கிராம் சோடியம் கூடினால் இதயநோய் ஆபத்து 18 விழுக்காடு கூடுகிறது என்ற நேர்க்கோடே மிஞ்சியது. இதோடு, நான் சொல்லும் வழி அந்தச் சர்ச்சை முடியும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. கலந்த உப்புக்கு மாறினால் 8 கிராம் உண்பவரின் சோடியம் 3.2 கிராமிலிருந்து 2.4 கிராம் வரை இறங்கும். ப்யூர் சொல்லும் 3 கிராமுக்குக் கீழேதான் அது; ஆனால் கலந்த உப்பு உண்ட சீனக் கிராமங்களில் சாவு குறைந்ததே தவிரக் கூடவில்லை.

உண்மையில் என்னைத் தயங்க வைப்பது வேறொரு கேள்வி. சிறுநீரகம் கெட்டவர்களால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது; அது இரத்தத்தில் தேங்கினால் இதயம் நின்றுபோகலாம். ‘பிரில்’ என்றும் ‘சார்டன்’ என்றும் முடியும் அழுத்த மாத்திரைகள் சிலவும், ஸ்பைரனோலாக்டோன் போன்றவையும் அந்தத் தேக்கத்தைக் கூட்டும். சீனக் கிராம ஆய்வு, கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை முன்பே விலக்கிவிட்டது. முதியோர் இல்ல ஆய்வில் சிலரின் இரத்தத்தில் பொட்டாசியம் கூடியது உண்மை. அதனால் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சிறுநீரக நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தன் பரிந்துரைக்கு வெளியே வைத்திருக்கிறது. நம் ஊரில் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகியும் அதை அறியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். அதனால் ரேஷன் கடையில் ஒரே ஓர் உப்பாக இதைத் திணிக்கச் சொல்ல மாட்டேன். இரண்டு உப்பும் இருக்க வேண்டும்; கலந்த உப்பின் உறையில், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இது வேண்டாம் என்று பெரிய எழுத்தில் தமிழில் இருக்க வேண்டும். தமிழகத்தில் 2020இல் எடுத்த கணக்கெடுப்பு, வயது வந்தோரில் மூன்றில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதையும், அவர்களில் கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் 7.3 விழுக்காடே என்பதையும் காட்டியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். அந்தப் பணியாளரின் பையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனைக்கான வழியும் சேர்ந்தால், இந்த வீட்டுக்கு எந்த உப்பு என்று சொல்லும் தகுதி அவருக்கு வந்துவிடும்.

அயோடின் கேள்விக்கு விடை எளிது. கடையில் விற்கும் உப்பில் ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயோடினாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். வயது வந்தவருக்குத் தேவை 150. உப்பைக் குறைத்தால் உப்பில் அயோடினைக் கூட்டிக்கொள்ளலாம். எவ்வளவு உப்புக்கு எவ்வளவு அயோடின் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே பட்டியல் கொடுத்துவிட்டது. நான் சொல்லும் மாற்றத்தில் உப்பின் அளவு அப்படியே இருப்பதால் இந்தக் கவலையே எழாது. இந்துப்புக்கு மாறினால் போதுமே என்று சிலர் கேட்கிறார்கள். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடேதான். மற்ற தாதுக்கள் அதில் இருக்கும் அளவு, ஒரு கைப்பிடிக் கீரையில் இருப்பதற்கு ஈடாகாது. அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டும் நம்பும் வீட்டில், அறுபது ஆண்டுக்கு முன் விரட்டத் தொடங்கிய கழுத்துக்கழலை மறுபடி எட்டிப் பார்க்கலாம். கல் உப்பும் அப்படியே. நிறைக்கு நிறை பார்த்தால் சோடியத்தில் தூள் உப்புக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

இனி விலை. 2014இல் தமிழ்நாடு உப்பு நிறுவனம் இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் தயாரித்த மூன்று உப்புகளை அம்மா உப்பு என்ற பெயரில் அரசு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய். இரும்பும் அயோடினும் சேர்ந்தது 14. சோடியம் குறைந்த உப்பு 21. உப்பை மாற்றலாம் என்ற எண்ணம் நம் அரசுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்குப் பத்தாண்டு முன்பே தோன்றியிருந்தது என்பது பெருமைக்குரியது. ஆனால் இரு மடங்கு விலையில் வைத்ததால், அது யாருக்கு மிகத் தேவையோ அவர் கை அதன் பக்கம் நீளவில்லை. விலை ஏறுவதற்குக் காரணம் பொட்டாசியம் குளோரைடு. உரக்கடையில் பொட்டாஷ் என்று விவசாயி வாங்குவதும் அதே உப்புதான். சாப்பாட்டுக்கு அதைத் தூய்மை செய்தாக வேண்டும். நம் நாடு அதை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அதே நேரத்தில், நம் உப்பளப் பாத்திகளில் உப்பை வாரி எடுத்த பின் மிஞ்சும் கசப்பு நீரில் பொட்டாசியம் கரைந்து கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் முறைகளைப் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் வாலிநோக்கத்திலும் அந்தக் கசப்பு நீர் மிஞ்சுகிறது. அதிலுள்ள பொட்டாசியத்தை உணவுத் தரத்துக்கு உயர்த்தக் காலமும் முதலீடும் ஆகும். அதுவரைக்கும் அன்றைய விலையையே வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் ஒரு கிலோ. இரண்டு உப்புக்கும் விலை வித்தியாசம் 11 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 132 ரூபாய். பக்கவாதத்தில் விழுந்த ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றி மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுபோகும் ஒரு நாள் செலவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த 11 ரூபாயை அரசு ஏற்றுக்கொண்டு, கலந்த உப்பை 10 ரூபாய்க்கே ரேஷன் கடைத் தட்டில் வைக்க வேண்டும் என்பதே இந்த மேடையிலிருந்து நான் வைக்கும் கோரிக்கை.